மவுண்ட் வெர்னன் ஐஸ் ஹவுஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் வர்ஜீனியாவில் இருக்கும் நாங்கள் முதலில் கூட்டிப்போகும் இடம் மவுண்ட் வெர்னன். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணை வீடு அது. வருகிறவர்கள் மாளிகையையும் கல்லறையையும் பார்த்துவிட்டுக் காருக்குத் திரும்பப் பார்ப்பார்கள். நான் விடுவதில்லை. ஆற்றுப் பக்கம் இருக்கும் ஐஸ் ஹவுஸுக்கு இழுத்துக்கொண்டு போவேன். அங்கே நின்று மாமாக்களும் சித்திகளும் பிள்ளைகளும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து வாஷிங்டனின் கடிதங்களையும் நாட்குறிப்பையும் புரட்டித் தேடிய பதில்களும் கூடவே இருக்கின்றன.

ஐஸ் ஹவுஸ் என்றால் ஐஸ் தயாரிக்கிற இடமா?

இல்லை. அங்கே ஒரு துண்டு ஐஸ்கூட உண்டாவதில்லை. குளிர்காலத்தில் ஆறும் குளமும் தானாக உறையும். அதை உடைத்துக் கொண்டுவந்து கோடைவரை போட்டுவைக்கிற கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். நம் வீடுகளில் இருந்த குதிர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தையில் அறுத்த நெல் ஆவணிக்கும் வேண்டும் என்று குதிரில் கொட்டி வைப்போம். ஜனவரியில் ஆற்றிலிருந்து எடுத்த ஐஸ் ஜூலைக்கும் வேண்டும் என்று இவர்கள் குழியில் கொட்டி வைத்தார்கள். நெல்லுக்கு எலி பகை, ஐஸுக்குச் சூடு பகை. எலியையாவது பூனை வைத்து விரட்டலாம். சூட்டை விரட்ட வழியே கிடையாது, உள்ளே வருவதைத் தாமதப்படுத்தத்தான் முடியும்.

யோசனை வாஷிங்டனுடையது அல்ல, மிகப் பழையது. ஈரானில் மண்ணால் கட்டிய கூம்புக் கூரை போட்ட யக்சால்கள் என்ற ஐஸ் கிடங்குகள் பல நூற்றாண்டுகளாக இருந்தவை. இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னருக்காக 1619-ல் கிரீனிச்சில் ஒன்று தோண்டினார்கள். பிறகு அங்கே பெரிய பண்ணை வீடு என்றால் ஐஸ் ஹவுஸ் இருந்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. அந்தப் பழக்கம்தான் கடல் கடந்து வர்ஜீனியாவுக்கும் வந்தது.

மவுண்ட் வெர்னன் எவ்வளவு பெரிய இடம்?

போடோமாக் ஆற்றங்கரையில், இன்றைய வாஷிங்டன் நகரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 15 மைல் தூரம். வாஷிங்டன் 1799-ல் இறந்தபோது ஐந்து பண்ணைகளாக 8,000 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. அன்று அங்கே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் 317 பேர். இந்த எண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐஸ் ஹவுஸ் கதைக்கு இது வேண்டும்.

வாஷிங்டனின் முதல் ஐஸ் ஹவுஸ் தோற்றுப்போனதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இந்த இடம் எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான்.

சுதந்திரப் போர் முடிந்து, படைத்தலைவர் பதவியைத் துறந்துவிட்டு, 1783 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வாஷிங்டன் வீடு திரும்பினார். எட்டு வருடத்துக்கு மேல் பெரும்பாலும் வீட்டில் இல்லாத மனிதர். இனி நிம்மதியாகப் பண்ணையைக் கவனிக்கலாம் என்று உட்கார்ந்தவர், அந்தக் குளிர்காலத்திலேயே ஐஸ் சேமிக்க முயன்றார். 1784 மே மாதக் கணக்கில் ஐஸ்கிரீம் செய்யும் கருவி ஒன்று வாங்கிய செலவு எழுதப்பட்டிருக்கிறது. கோடை வருகிறது, ஐஸ் கைவசம் இருக்கிறது, கருவியும் வந்துவிட்டது.

ஜூன் 2-ஆம் தேதி பிலடெல்பியாவில் இருந்த நண்பர் ராபர்ட் மோரிஸுக்கு ஒரு கடிதம் போகிறது. ஐஸ் நிரப்பிய வீடு பயன்படவில்லை, எல்லாம் இப்போதே போய்விட்டது என்று எழுதுகிறார். உங்களுடையதன் அளவு, கட்டிய விதம், பராமரிக்கும் முறை எல்லாவற்றையும் எழுதி அனுப்பினால் நன்றியுள்ளவனாக இருப்பேன் என்கிறார். பிறகு ஒரு கேள்வி: என்னுடையதில் பெரும்பாலும் பனியைத்தான் நிரப்பினேன். நீங்கள் எப்போதாவது பனியைப் போட்டுப் பார்த்ததுண்டா? அதனால்தான் ஏமாந்துபோனேனா?

பிரிட்டிஷ் படையைத் தோற்கடித்தவர், ஜூன் பிறந்த இரண்டாவது நாளே வெறும் குழியின் முன்னால் நின்றுகொண்டு, ‘எனக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள்’ என்று கேட்கிறார். எழுத்தில் பூச்சு எதுவும் இல்லை. பத்து முறையாவது அந்தக் கடிதத்தைப் படித்திருப்பேன்.

மோரிஸ் யார்? அவர் என்ன பதில் எழுதினார்?

புரட்சிக் காலத்து அமெரிக்காவின் நிதிப் பொறுப்பைக் கையில் வைத்திருந்த பெரும் வணிகர். போருக்குப் பணம் புரட்டிய மனிதர் என்று பள்ளிப் புத்தகங்களில் வருவார். ஜூன் 15-ஆம் தேதியே பதில் எழுதிவிட்டார். கொத்தனாரிடம் கொடுத்தால் அப்படியே கட்டிவிடலாம், அவ்வளவு துல்லியம். அதன் சாரத்தைக் கீழிருந்து மேலாகச் சொல்கிறேன்.

குழி 18 அடி ஆழம், பக்கத்துக்கு 16 அடிச் சதுரம். அடித்தரை சரளை மண். உருகும் தண்ணீர் அதில் உடனுக்குடன் இறங்கிவிடும். களிமண் தரையாக இருந்தால் வடிகால் வெட்டியே ஆக வேண்டும், அதற்குத்தான் பலரும் மேட்டுச் சரிவில் குழி தோண்டுகிறார்கள் என்கிறார். சரளைமேல் இரண்டடி நீள மரக்கட்டைகள், அவற்றின்மேல் வேலிக் கம்புகளைப் பரப்பிய ஒரு தட்டு. ஐஸ் கீழே விழாத அளவுக்கு நெருக்கமாக, தண்ணீர் இறங்கும் அளவுக்கு இடைவெளியாக. ஐஸ் தரையைத் தொடுவதே இல்லை. உருகின தண்ணீரில் ஐஸ் கிடந்தால் எக்கச்சக்கமாகக் கரைந்துவிடும் என்று எச்சரிக்கிறார்.

குழிச் சுவர் சாந்து பூசாமல் அடுக்கிய கல். மேலே கடைசி ஒன்றரை அடி மட்டும் சாந்து வைத்துக் கட்டியது. தரை மட்டம் வந்ததும் அந்தச் சுவரை நிறுத்திவிட்டு, இரண்டடி தள்ளி வெளியே இன்னொரு அஸ்திவாரம் போட்டு, தடித்த சுவராகப் பத்தடி உயரத்துக்கு எழுப்பியிருக்கிறார். அதன்மேல் கூரை. கூரைக்கு அடியில் பலகைத் தளம் அடித்து, நடுவில் இருக்கிற இடம் முழுக்க வைக்கோல் திணித்திருக்கிறார். குழியை மூடும் மேல் தளத்திலும் அதே வேலை: மேலே பலகை, கீழே பலகை, நடுவில் வைக்கோல். வாசல் வடக்குப் பார்த்தது. தளத்தின் நடுவே ஒரு கதவுப் பலகை, ஐஸைப் போடுவதும் எடுப்பதும் அதன் வழியாகத்தான்.

நிரப்பும் முறையையும் சொல்கிறார். ஐஸைச் சிறு துண்டுகளாக உடைத்துப் போட வேண்டும். தெருவுக்குக் கல் பாவுகிறவர்கள் வைத்திருக்கிற மாதிரி கனத்த கட்டைகளால் இடித்து இறுக்க வேண்டும். நன்றாக இடித்தால் கொஞ்ச நாளில் எல்லாம் ஒட்டி ஒரே பாறையாகிவிடும், பிறகு உளியோ கோடாலியோ வைத்துத்தான் வெட்டி எடுக்க முடியும். நண்பரின் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: ஒரு வருடம் நானும் பனியைப் போட்டுப் பார்த்தேன், ஜூனில் இழந்தேன். ஐஸ் போட்டால் அக்டோபர், நவம்பர் வரை நிற்கிறது. குழி இன்னும் பெரிதாக இருந்தால் கிறிஸ்துமஸ் வரையிலும் நிற்கும் என்று நம்புகிறேன்.

தன் கட்டடத்தில் இருக்கும் குறையையும் அவர் மறைக்கவில்லை. உருகுவது எப்போதும் சுவர் ஓரத்தில்தான் தொடங்குகிறது, கல்லுக்கும் ஐஸுக்கும் நடுவில் வைக்கோல் வைத்தால் இன்னும் நன்றாக நிற்கும் என்று எழுதியிருக்கிறார். அவர் செய்து பார்க்காத அந்த யோசனையைச் செய்து பார்த்தவர் வாஷிங்டன்.

பனியும் ஐஸும் ஒன்றுதானே? ஏன் ஒன்று நிற்கிறது, இன்னொன்று நிற்கவில்லை?

தமிழில் இந்தக் குழப்பம் அதிகம். மார்கழி விடியலில் புல்மேல் இருப்பதும் பனி, இமயமலையில் கிடப்பதும் பனி. இங்கே பனி என்று நான் சொல்வது வானத்திலிருந்து பஞ்சாக விழுவதை. ஐஸ் என்பது ஆற்றில் கட்டியாக உறைந்த தண்ணீர்.

ஒரு கன மீட்டர் கெட்டி ஐஸ் 917 கிலோ இருக்கும். அதே இடத்தில் புதிதாக விழுந்த பனியை நிரப்பினால் 100 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். மிதித்து அமுக்கினாலும் 300, 400 கிலோவைத் தாண்டுவது கடினம். மீதி எல்லாம் காற்று. ஆக, குழி நிறைந்திருப்பது போலத் தெரியும், சரக்கு பாதிகூட இருக்காது. போதாததற்கு அந்தத் துளைகள் வழியே உருகின நீரும் வெதுவெதுப்பான காற்றும் உள்ளே புகுந்து நடுவரைக்கும் போய்விடும். கெட்டி ஐஸில் சூடு வெளிப்பக்கத்தை மட்டும்தான் தொட முடியும்.

என் மகள் நம்பவில்லை. போன ஜனவரியில் கொல்லைப்புறத்தில் பனி கொட்டிக் கிடந்தபோது ஒரே அளவில் இரண்டு டப்பா எடுத்தோம். ஒன்றில் பனியை அள்ளி அமுக்கினாள். இன்னொன்றில் ஃபிரிட்ஜ் ஐஸை இடிகல்லில் நொறுக்கித் திணித்தோம். இரண்டையும் துண்டால் சுற்றிச் சமையலறை மேடையில் வைத்தோம். சாயங்காலம் பனி டப்பாவைத் திறந்தால் அடியில் கால் பங்கு தண்ணீர் மட்டும். ஐஸ் டப்பாவில் மறுநாள் காலையிலும் நடுவில் ஒரு கட்டி மிதந்துகொண்டிருந்தது. நாங்கள் சிரமப்பட்டுப் பொடித்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்க வராமல், ஒரே கட்டியாகியிருந்தன. மோரிஸ் சொன்ன பாறை அதுதான்.

ஜனவரி ஐஸ் அக்டோபர் வரை நிற்பது எப்படிச் சாத்தியம்? ஏதாவது மருந்து போட்டார்களா?

எதுவும் போடவில்லை. ஐஸுக்கே இருக்கிற குணம் அது. பூஜ்யம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ ஐஸை உருக்க மட்டும் ஆகும் வெப்பத்தைக் கொண்டு, ஒரு கிலோ குளிர்ந்த தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கிவிடலாம். அவ்வளவு வெப்பம் உள்ளே வந்து சேர்ந்தால்தான் அந்த ஒரு கிலோ போகும்.

அடுத்தது அளவு. ஒரு அடி கனசதுரக் கட்டிக்கு ஆறு சதுர அடி வெளிப்பரப்பு. பத்தடி கனசதுரத்துக்கு 600 சதுர அடிதான், ஆனால் உள்ளே இருப்பது ஆயிரம் கன அடி. ஒவ்வொரு கன அடிக்கும் சூடு படும் பரப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. குழி பெரிதாக இருந்தால் இன்னும் நாள் நிற்கும் என்று மோரிஸ் அனுபவத்தில் கண்டுபிடித்தது இந்தக் கணக்கைத்தான்.

வைக்கோல் சூட்டைத்தானே தரும்? மாங்காயைப் பழுக்கவைக்க வைக்கோலில்தானே போடுகிறோம்?

என் அத்தை கேட்ட கேள்வி. இதுவரை வந்ததிலேயே இதுதான் அருமையான கேள்வி என்பேன்.

காய்ந்த வைக்கோல் தானாகச் சூட்டை உண்டாக்காது. அதன் குழல்களிலும் இடுக்குகளிலும் காற்று அசையாமல் அடைபட்டுக் கிடக்கிறது. அசையாத காற்று சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. மாங்காயிலிருந்து வருகிற சூட்டையும் வாயுவையும் வெளியே விடாது, அதனால் பழுக்கும். வெளியே இருக்கிற சூட்டை ஐஸிடம் விடாது, அதனால் ஐஸ் நிற்கும். கம்பளி செய்கிற வேலைதான் இரண்டு இடத்திலும்.

ஆனால் வைக்கோல் நனைந்தால் கதை மாறும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் ஏறிவிடும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். ஈர வைக்கோல் மக்கத் தொடங்கினால் தானே சூடாகவும் செய்யும், வைக்கோல் போருக்குள் கைவிட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

நான் வளர்ந்தது கடலூர்ப் பக்கம். மீன் ஏலம் நடக்கும் இடத்தில் பார் ஐஸ் வந்து இறங்கும். தரையில் நேராக வைக்க மாட்டார்கள். கீழே பலகை, பலகைக்கு அடியில் இரண்டு செங்கல், தண்ணீர் ஓட இடம். பாரைச் சுற்றி உமியைக் கொட்டி மேலே சாக்கைப் போர்த்துவார்கள். சாக்கைத் தூக்கினால் உமி ஒட்டிய ஐஸிலிருந்து புகை மாதிரி குளிர் எழும்பும். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் அந்த இடத்தில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. பிலடெல்பியாவில் வேலிக் கம்பும் வைக்கோலும் செய்ததைக் கடலூரில் பலகையும் உமியும் செய்துகொண்டிருந்தன.

மோரிஸ் சொன்னபடி வாஷிங்டன் கட்டினாரா?

உடனே அல்ல. அடுத்த குளிர்காலத்தில் இரண்டு இடங்களில் ஐஸ் போட்டு வைத்துப் பார்த்தார்: வீட்டு நிலவறையில் இருந்த கிணறு ஒன்று, வெளியே தண்ணீர் இல்லாத வறண்ட கிணறு ஒன்று. 1785 ஜூன் 5-ஆம் தேதி நாட்குறிப்பில் முடிவு இருக்கிறது. நிலவறைக் கிணற்றைத் திறந்தேன், ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை. பிறகு மற்றதைத் திறந்தேன், அதில் நிறைய இருந்தது. ஒரே பருவம், ஒரே ஆள், இரண்டு குழிகள். எந்த இடம் உதவும் என்பதை ஐஸே சொல்லிவிட்டது.

அந்த வறண்ட கிணற்றைத்தான் முறையான ஐஸ் ஹவுஸாக மாற்றினார். 1786 ஜனவரிக் குறிப்பில், உள்ளே கனத்த மரச்சட்டம் இறக்கி, அதில் பலகை அடித்து, பலகைக்கும் சுவருக்கும் நடுவில் வைக்கோலை இடித்துத் திணிக்கத் தொடங்கியதாக எழுதுகிறார். வைக்கோல் நனைந்துவிடக் கூடாது, ஈரங்கூடப் பட்டுவிடக் கூடாது என்று எடுக்க முடிந்த எல்லாக் கவனத்தையும் எடுத்தோம், ஆனால் காற்றில் இருக்கிற ஈரம் மிகவும் பாதகமாக இருக்கிறது என்கிறார். என் அத்தையின் கேள்விக்கு வந்த பதிலை அவர் கையால் தொட்டு உணர்ந்திருக்கிறார்.

ஐஸ் எங்கிருந்து வந்தது? யார் கொண்டுவந்தார்கள்?

எதிரிலேயே ஓடும் போடோமாக் ஆற்றிலிருந்து. ஆனால் வர்ஜீனியாவில் எல்லா வருடமும் ஆறு கெட்டியாக உறையாது. உறைகிற சில நாட்களுக்குள் வேலையை முடித்தாக வேண்டும், தளர்ந்தால் ஐஸ் கடலைப் பார்க்கப் போய்விடும்.

‘வாஷிங்டன் ஐஸ் ஹவுஸை நிரப்பினார்’ என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். அவர் நிரப்பவில்லை, நிரப்பச் சொன்னார். உறைந்த ஆற்றின் விளிம்பில் நின்று கோடாலியால் வெட்டியது, நனைந்த கையோடு பாளங்களைக் கரைக்கு இழுத்தது, மேட்டுக்கு ஏற்றியது, குழிக்குள் கட்டையால் இடித்தது எல்லாம் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க வழி மக்கள். கூலி கிடையாது. மறுக்க முடியாது. வைக்கோலுக்கு ஈரம் படாமல் பார்த்துக்கொண்டதாக எழுதியவர், அந்தக் கைகளுக்கு என்ன ஆனது என்று அந்தக் குறிப்பில் ஒரு சொல் எழுதவில்லை. ஜூலை மாதம் மேஜைக்கு வந்த குளிர்ச்சியைச் சுவைத்தவர்கள் வேறு, அதற்காக ஜனவரியில் விறைத்தவர்கள் வேறு. அந்தக் குழியருகே நிற்கும்போது நான் முதலில் நினைப்பது அவர்களைத்தான், பிள்ளைகளுக்கும் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

இறக்கும்போது வாஷிங்டன் எழுதிவைத்த உயில், அவருக்கு நேரடியாகச் சொந்தமாக இருந்த 123 பேருக்கு விடுதலை அளித்தது. மனைவி மார்த்தாவின் முதல் கணவர் சொத்து வழியாக வந்தவர்கள் அந்த விடுதலையில் சேரவில்லை.

எவ்வளவு ஐஸ் பிடிக்கும்?

மோரிஸ் கொடுத்த அளவை வைத்துப் பெருக்கினால் 4,600 கன அடிக்கு மேல் வருகிறது. இடுக்கே இல்லாமல் இறுகியிருந்தால் 120 டன்னை நெருங்கும். நடைமுறையில் அதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். வர்ஜீனியாவிலேயே, அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன் தன் பண்ணையான மாண்டிசெல்லோவில் ஓர் ஐஸ் ஹவுஸ் கட்டினார். 1803 மார்ச்சில் அதை நிரப்ப 62 வண்டி ஐஸ் ஆனது.

இவ்வளவு பாடுபட்டு எதற்குப் பயன்படுத்தினார்கள்?

கோடையில் இறைச்சியும் வெண்ணெயும் கெடாமல் வைக்க, ஒயினைக் குளிரவைக்க, ஐஸ்கிரீம் செய்ய.

பலருக்கும் வரும் சந்தேகம்: ஆற்று ஐஸில் சேறும் சருகும் இருக்காதா, அதையா சாப்பிட்டார்கள்? ஐஸ்கிரீமுக்கு அந்த ஐஸ் பாலில் படவே வேண்டாம். வெளி வாளியில் நொறுக்கிய ஐஸும் உப்பும், நடுவில் மூடிய பாத்திரத்தில் பாலாடைக் கலவை. உப்புச் சேர்ந்தால் ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழேயும் உருகிக்கொண்டே போய், பக்கத்தில் இருப்பதன் சூட்டை உறிஞ்சும். சரியான விகிதத்தில் கலந்தால் மைனஸ் 21 டிகிரிவரை இறங்கும். பாத்திரத்தைச் சுழற்றிக்கொண்டே ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டிவிட வேண்டும். ஜெபர்சன் தன் கையால் எழுதிவைத்த செய்முறை இன்றும் இருக்கிறது: நல்ல பாலாடை இரண்டு புட்டி, ஆறு முட்டை மஞ்சள் கரு, அரை பவுண்டு சர்க்கரை, ஒரு வனிலாக் குச்சி.

மோரிஸின் அந்த ஐஸ் ஹவுஸ் என்ன ஆயிற்று?

அதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை. 1790-ல் தலைநகர் பிலடெல்பியாவுக்கு மாறியபோது குடியரசுத் தலைவர் குடியிருக்கத் தன் வீட்டையே கொடுத்தார் மோரிஸ். 1784-ல் யாருக்குக் கடிதம் எழுதி ஐஸ் ஹவுஸ் பற்றிக் கேட்டாரோ, அவர் வீட்டிலேயே, அந்த ஐஸ் ஹவுஸ் கொல்லையில் இருக்க, 1797 வரை வாஷிங்டன் வாழ்ந்தார்.

மோரிஸின் முடிவு வருத்தமானது. நிலத்தில் அளவுக்கு மீறிப் பணத்தைப் போட்டு, கடன் மூழ்கி, 1798-ல் கடனாளிச் சிறைக்குப் போனார். 1801 வரை அங்கே இருந்தார். வீடும் பிறகு இடிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலையின் சின்னமான சுதந்திர மணிக்கு (லிபர்ட்டி பெல்) அங்கே புதுக் கட்டடம் கட்டும் முன் தொல்லியலாளர்கள் தோண்டியபோது கல் அடுக்கிய ஒரு குழி வெளிப்பட்டது. அதுதான் மோரிஸின் ஐஸ் ஹவுஸ். அதற்கு மேலேதான் இப்போது கூட்டம் கூட்டமாக மக்கள் மணியைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள்.

சென்னை ஐஸ் ஹவுஸுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மவுண்ட் வெர்னனோடு நேரடித் தொடர்பு இல்லை, அமெரிக்க ஐஸோடு உண்டு. பாஸ்டனைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர் என்ற வணிகர் மாசசூசெட்ஸ் குளங்களில் வெட்டிய ஐஸை மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றி உலகம் முழுக்க விற்றார். 1833-ல் டஸ்கனி என்ற கப்பலில் 180 டன் ஐஸ் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதக் கடற்பயணம், நிலநடுக்கோட்டை இரண்டு தடவை கடக்க வேண்டும். அப்படியும் 100 டன் அளவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வணிகத்துக்காக மெட்ராஸ் கடற்கரையில் 1842-ல் எழுந்த கிடங்குதான் நம் ஐஸ் ஹவுஸ். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். கட்டடத்தின் பெயர் மாறினாலும் அந்த வட்டாரம் திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு இன்னும் ஐஸ் ஹவுஸ்தான்.

அது கப்பல் சரக்கை இறக்கி விலைக்கு விற்ற கிடங்கு. மவுண்ட் வெர்னனில் இருப்பது ஒரு வீட்டின் தேவைக்குத் தோண்டிய குழி. வேலையின் அடிப்படை ஒன்றுதான்: நெருக்கி அடுக்கு, தண்ணீரை வடி, காற்றை அசையவிடாதே.

பிறகு ஏன் ஐஸ் ஹவுஸ்கள் இல்லாமல் போயின?

நீராவி இயந்திரத்தால் ஐஸ் செய்யும் தொழிற்சாலைகள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகின. ஊரிலேயே ஐஸ் கிடைக்கும்போது ஆற்றை நம்பி யார் காத்திருப்பார்கள்? அதன்பின் வீட்டுக்கு வீடு ஃபிரிட்ஜ் வந்தது.

நேரில் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

மவுண்ட் வெர்னனை 1860-லிருந்து மவுண்ட் வெர்னன் பெண்கள் சங்கம் பராமரிக்கிறது. அரசாங்கம் காப்பாற்ற முன்வராத காலத்தில் பெண்கள் பணம் திரட்டி வாங்கிய இடம் அது. ஐஸ் ஹவுஸ் ஆற்றுப் பக்கம், செங்கல் வளைவுக் கூரையோடு இருக்கிறது. மாளிகை முன்னால் வரிசை நீளமாக இருக்கும். ஐஸ் ஹவுஸ் பக்கம் பெரும்பாலும் ஆள் இருக்காது.

முதலில் ஆற்றைப் பாருங்கள். பிறகு குழி இருக்கும் மேட்டைப் பாருங்கள். நடுவில் இருக்கிற சரிவை மெதுவாக, கையில் எதுவும் இல்லாமல், ஏறிப் பாருங்கள். என் மாமா பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, “இதுல ஐஸையும் சுமந்துக்கிட்டா ஏறுனாங்க?” என்றார். ஆமாம் மாமா என்றேன். மேலே வந்ததும் அவர் நேரே ஐஸ் ஹவுஸிடம் போகவில்லை. திரும்பி நின்று வந்த வழியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.